செம்பு கூடினால் மூளையின் காவல் ஏன் தளர்கிறது? – அக்கா மகனுக்கு வந்த வில்சன் நோய்

#1 கரிசல்காட்டான்

வணக்கம் நண்பர்களே. நான் இங்கே பெரும்பாலும் விவசாயப் பகுதியில்தான் எழுதுவேன். இன்று வேறு விஷயம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். அவனுடைய கணக்கு நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. ஜூன் மாதப் பக்கங்களில் எழுத்து முத்து முத்தாகக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகஸ்டில் கோட்டை விட்டு இறங்க ஆரம்பிக்கிறது. நவம்பரில் ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பேனாவை அழுத்தி அழுத்தித் தாளே கிழிந்திருக்கிறது. அதை அப்போதே யாராவது புரட்டிப் பார்த்திருக்கலாம். நான் உட்பட யாரும் பார்க்கவில்லை.

பள்ளியில் பரீட்சை பயம் என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதினார். பிறகு பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது, இடது கை தானாக ஆடியது. குலதெய்வம் கோயிலுக்கும் போய் வந்தோம். எட்டு மாதம் இப்படியே போய்விட்டது. கடைசியில் தலைவலிக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம் என்று போன இடத்தில், கண் டாக்டர் ஸ்லிட் லேம்பில் பார்த்துவிட்டுக் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறது என்றார். அங்கிருந்து நரம்பியல். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் 6 (20-க்கு மேல் இருக்க வேண்டுமாம்). 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு 340 மைக்ரோகிராம் (100-ஐத் தாண்டினாலே சந்தேகமாம்). வில்சன் நோய் என்று சொல்லிப் பெனிசிலமின் ஆரம்பித்திருக்கிறார்கள்.

செம்பு மூளையில் படிந்து நரம்பை அரிக்கிறது என்று டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். வெளியே கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. உறவினர் ஒருவர் 1,800 ரூபாய்க்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் டப்பா வாங்கி வந்து, "இதைக் கொடு, மூளையில் உள்ள விஷத்தை முறிக்கும்" என்கிறார். அக்கா வேறு, இரண்டு வருஷமாகச் செம்புக் குடத்துத் தண்ணீர் கொடுத்தது தன் குற்றமோ என்று ராத்திரியெல்லாம் அழுகிறாள். செம்பு அங்கே என்னதான் செய்கிறது? அந்தக் கேப்ஸ்யூலைக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சாந்தி_மதுரை

தம்பி, முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க, குடத்தால இந்த வியாதி வரலை. இது பிறவியிலேயே அப்பா வழியில ஒண்ணும் அம்மா வழியில ஒண்ணுமா வர்ற ஜீன் கோளாறு. என் பொண்ணுக்கும் இதேதான். பதினோரு வருஷம் ஆச்சு, இன்னிக்கு பேங்க்ல வேலை பாக்குறா. தைரியமா இருங்க. ஆனா மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்லேன்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு. கூடவே வைட்டமின் பி6 எழுதியிருப்பாங்க, அதையும் விடாதீங்க.

இன்னொண்ணு. ஆரம்பத்துல சில பேருக்கு நடுக்கம் கூடிட்டுத்தான் குறையும். எங்களுக்கும் அப்படி ஆச்சு. பயந்து போய் நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க அளவைக் குறைச்சு மெதுவா ஏத்துவாங்க, இல்ல வேற மருந்து மாத்துவாங்க.

செம்புக் குடத்தை மட்டும் இப்ப எடுத்து உள்ள வெச்சிருங்க. ஈரல், நண்டு, முந்திரி, சாக்லேட், காளான் வேண்டாம்.

#3 இயற்கைவழி

நண்பருக்கு ஆறுதல். ஒரு மாற்றுக் கருத்து. செம்பு ஒரு விஷம் என்கிற எண்ணம் பரவ வேண்டாம். உடலின் முக்கியமான ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம் ஒன்றில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன என்று நானே படித்திருக்கிறேன். அப்படியானால் செம்பு நம் காவலன் அல்லவா? பாதிப்பு ஆக்சிஜனேற்றத்தால்தான் என்றால் நெல்லிக்காய், வைட்டமின் சி, மஞ்சள் கொடுத்தால் குறையத்தானே வேண்டும்? கேப்ஸ்யூலால் கெடுதல் ஒன்றுமில்லையே.

#4 வேதியியல்_வாத்தியார்

இயற்கைவழி ஐயா கேட்டதில் பாதி மிகச் சரி. அந்தப் பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே தின்கிறது. இவ்வளவு ஆக்சிஜன் எரியும் இடத்தில் சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமான கழிவு சிதறிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். மெக்கார்டு, ஃப்ரிடோவிச் இருவரும் 1969-இல் கண்டுபிடித்தது. ஐயா சொன்ன செம்பு–துத்தநாக என்சைம் இதுதான். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் இதன் தம்பியில் மாங்கனீசு இருக்கிறது. அடுத்து அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்க வேண்டும். அதற்கு இரும்புள்ள கேட்டலேஸ், செலினியம் உள்ள குளுட்டாதயோன் பெராக்சிடேஸ். மூளையில் கேட்டலேஸ் குறைவு. ஆகவே குளுட்டாதயோன் தலையில்தான் பெரும் பாரம்.

செம்பு, மாங்கனீசு, இரும்பு, செலினியம். காவலுக்கு நிற்பவர்கள் எல்லோருமே நுண் கனிமங்களை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். குறைந்தாலும் மூளை கெடும். மெங்கீஸ் நோய் என்று ஒன்று உண்டு, 1962-இல் விவரிக்கப்பட்டது. குழந்தையின் முடி முறுக்கிக்கொண்டு உடையும், மூளை சிதையும். காரணம் பத்து வருஷம் தெரியவில்லை. 1972-இல் மெல்போர்னில் டேவிட் டாங்க்ஸ் அந்த முடியைப் பார்த்துவிட்டு, செம்புச் சத்தில்லாத மேய்ச்சலில் வளர்ந்த ஆடுகளின் கம்பளியும் இப்படித்தானே இருக்கும் என்று யோசித்தார். சோதித்தால் குழந்தைகளுக்குச் செம்புக் குறைவு. அந்த நோயின் ஜீனும் வில்சன் நோயின் ஜீனும் ஒரே வருஷத்தில், 1993-இல், கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டும் செம்பைக் கடத்தும் பம்புக்கான ஜீன்கள். ஒன்று பழுதானால் செம்பு உடலுக்குள் வராது, மற்றது பழுதானால் வெளியே போகாது.

சரி, கூடினால் என்ன? இங்கேதான் "எவ்வளவு" என்பதைவிட "எப்படி" என்பது முக்கியம். என்சைமுக்குள் பூட்டிய செம்பு வேறு, அவிழ்ந்து திரியும் செம்பு வேறு. ஈஸ்ட் செல்லில் 1999-இல் கணக்கிட்டார்கள். ஒரு செல்லுக்கு ஒரு தனிச் செம்பு அயனிகூட இல்லை. வந்த ஒவ்வொன்றையும் ஒரு புரதம் கைப்பிடித்து அடுத்த புரதத்திடம் ஒப்படைக்கிறது. அவ்வளவு கெடுபிடி.

ஏன் என்று வகுப்பில் ஒரு சோதனையில் காட்டுவேன். இரண்டு சோதனைக் குழாயில் மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீர். இரண்டிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. நீலம் அப்படியே நிற்கும். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை அன்னபேதி உப்பும் (இரும்பு உப்புதான்) ஒரு சொட்டு அமிலமும். பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளுத்துப் போகும். பெராக்சைடை இரும்பு உடைத்து ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பாக்கிவிடுகிறது (ஃப்ரீ ராடிக்கல் என்பார்கள்), அது சாயத்தைக் கிழித்துவிடுகிறது. கேம்பிரிட்ஜில் ஃபென்டன் 1894-இல் எழுதிய வினை இதன் மூலம். அவிழ்ந்த செம்பும் இதே வேலையைச் செய்யும். ஹைட்ராக்சிலைப் பிடிக்க உடலில் என்சைமே கிடையாது. பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். மூளையில் பக்கத்தில் இருப்பது கொழுப்புச் சவ்வு. ஒன்று கெட்டால் அடுத்தது, அடுத்தது என்று சங்கிலியாகக் கெடும்.

இனி உங்கள் மருமகன் விஷயம். கல்லீரலில் ஏடிபி7பி என்ற பம்பு அதிகப்படிச் செம்பைப் பித்தநீரில் தள்ள வேண்டும். செருலோபிளாஸ்மினில் செம்பை ஏற்றுவதும் அதுதான். பம்பு பழுதானதால் செம்பு கல்லீரலில் தேங்கி, நிரம்பி, இரத்தத்தில் வழிந்து மூளைக்கு வருகிறது. மூளையில் முதலில் தாங்குவது ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள். அவற்றுக்குள் இருக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதம், குளுட்டாதயோன் இரண்டும் தங்கள் கந்தகக் கையால் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதனால்தான் வருஷக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் பெராக்சைடைத் தணிக்க வேண்டிய குளுட்டாதயோன் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் தன் வேலையை யார் பார்ப்பது? செலவான குளுட்டாதயோனைப் புதுப்பிக்கும் ரிடக்டேஸ் என்சைமையும் செம்பு முடக்குகிறது. ஒரு பக்கம் தீ கூடுகிறது, மறுபக்கம் தண்ணீர் வற்றுகிறது. அசைவைச் சீராக்கும் அடித்திரள்கள் அதிகம் அடிபடுகின்றன. கையெழுத்தும் பேச்சும் முதலில் போவது அதனால்தான்.

இப்போது வைட்டமின் சி. செம்பு அயனி கியூப்ரிக், கியூப்ரஸ் என்று இருவகையில் இருக்கும். கியூப்ரிக்கைக் கியூப்ரஸாக இறக்கினால்தான் மேலே சொன்ன வினை ஓடும். அப்படி இறக்குவதில் வைட்டமின் சி கெட்டிக்காரன். ஆய்வுக்கூடத்தில் தனி உறுப்புகளை வேண்டுமென்றே உண்டாக்கச் செம்பையும் வைட்டமின் சி-யையும்தான் கலக்குவோம். உடலுக்குள் நிலைமை சோதனைக் குழாய் அல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டில் நெல்லிக்காய் வந்தால் பயமும் இல்லை. ஆனால் கேப்ஸ்யூலால் "கெடுதல் ஒன்றுமில்லை" என்று அவிழ்ந்த செம்பு நிறைந்த உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது. டப்பாவின் பின்புறத்தையும் படியுங்கள். மல்டி மினரல் என்று இருந்தால் அதில் செம்பே இருக்கும்.

#5 கரிசல்காட்டான்

சார், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "காப்பர் 2 மி.கி." என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கை நடுங்கிவிட்டது. நேற்று ஒன்று கொடுத்துவிட்டாள் அக்கா.

#6 வேதியியல்_வாத்தியார்

ஒன்றினால் ஒன்றும் ஆகிவிடாது, கவலை வேண்டாம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெனிசிலமின் பற்றி ஒரு சேதி. உங்களுக்குப் பிடிக்கும். ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெனிசிலின் போட்டவர்களின் சிறுநீரில் இந்தப் பெனிசிலமினைப் பார்த்திருந்தார். பிறகு பாஸ்டனில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்க்கும்போது, கந்தகக் கை உள்ள இந்தப் பொருள் செம்பைப் பிடித்து வெளியே கொண்டுவருமே என்று தோன்றியது. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். 1956-இல் எழுதினார். அதுவரை வழி, பிஏஎல் என்ற ஊசி. முதலில் ஆர்செனிக் விஷ வாயுவுக்கு முறிவு மருந்தாகச் செய்தது, போட்ட இடம் அப்படி வலிக்கும். பெனிசிலமின் என்பது சிஸ்டீன் அமினோ அமிலத்தில் இரண்டு மீதைல் சேர்ந்தது. குளுட்டாதயோனின் பிடிக்கும் கையும் அந்தச் சிஸ்டீன்தான். குளுட்டாதயோன் செல்லுக்குள் பிடித்துக்கொண்டு திணறிய செம்பை, அதே மாதிரிக் கை உள்ள மருந்து பிடித்துச் சிறுநீரில் இறக்குகிறது.

#7 பட்டறைக்காரன்

அண்ணே, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மாங்கனீசுன்னு சொன்னீங்களே, அதான் கேக்குறேன். நமக்கு வெல்டிங் பட்டறை. கல் குவாரி கிரஷர் ஜா, பொக்லைன் பக்கெட் பல்லு இதுக்கெல்லாம் மாங்கனீசு ராடு போட்டு ஏத்துவோம். புகை நல்லா வரும். எங்க கூட முப்பது வருஷம் இருந்த மேஸ்திரிக்கு இப்ப முகத்துல சிரிப்பே வரல, நடை வெரச்சுப் போச்சு, பின்னாடி ஒரு அடி வெச்சா விழுந்துடுறார். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

#8 வேதியியல்_வாத்தியார்

இருக்கலாம், தம்பி. அவரை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, தொழில் இன்னது என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பல நேரம் அதைச் சொல்லாமலே வந்துவிடுகிறோம்.

அந்த ஜா ஹாட்ஃபீல்டு எஃகு, சுமார் 12 சதவீதம் மாங்கனீசு. 1837-லேயே ஜான் கூப்பர் என்ற மருத்துவர் கிளாஸ்கோவில் எழுதிவிட்டார்: வெளுக்கும் தூள் ஆலையில் மாங்கனீசுக் கல்லை அரைத்த தொழிலாளர்களுக்குக் கால் தளர்ந்தது, பேச்சு மங்கியது, நடக்கும்போது முன்னால் சாய்ந்தார்கள். சாப்பாட்டில் வருவதைக் குடலும் கல்லீரலும் அளந்துதான் உள்ளே விடும். மூச்சில் போகும் புகைக்கு அந்த வடிகட்டி இல்லை. மூளைக்குள் போய் மைட்டோகாண்ட்ரியாவில் சேர்கிறது. எந்த மைட்டோகாண்ட்ரியாவுக்கு மாங்கனீசு என்சைம் காவல் நிற்கிறதோ, அங்கேதான் அதிகப்படி மாங்கனீசு மூச்சுச் சங்கிலியைத் தடுமாற வைக்கிறது, குளுட்டாதயோனைக் குறைக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் குடல் வழியே மாங்கனீசைக் கூடுதலாக உறிஞ்சுவார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வாசல் ஒன்று. பட்டறையில் யாருக்காவது இரத்தசோகை இருந்தால் கவனியுங்கள்.

#9 நரம்பியல்_மாணவி

நான் நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன். பட்டறைக்காரன் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை: இரத்தத்தில் மாங்கனீசு சரியாக இருக்கிறது என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரத்தத்திலிருந்து அது சீக்கிரம் போய்விடும். புகைப்பட்டுக்கொண்டிருப்பவருக்கு எம்.ஆர்.ஐ.யில் மூளையின் குளோபஸ் பல்லிடஸ் பகுதி வெள்ளையாக மின்னும், அது கூடுதல் தடயம். பார்க்கின்சன் மாத்திரைக்கு இந்த வகை பெரிதாக மசியாது. மாஸ்க் மட்டும் போதாது, புகையை ராடு முனையிலேயே உறிஞ்சும் குழாய் வையுங்கள். தலையைப் புகைக்கு மேல் நீட்டி வேலை பார்க்க வேண்டாம்.

இயற்கைவழி ஐயா, நீங்கள் கேட்டது உண்மையிலேயே பெரிய ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி. பார்க்கின்சன் நோயில் அதைப் பரிசோதித்தே பார்த்தார்கள். 800 நோயாளிகள், வைட்டமின் ஈ தினம் 2,000 யூனிட். 1993-இல் முடிவு வந்தது: நோயின் வேகம் குறையவில்லை. சரி, காவலைக் கூட்டிப் பயனில்லை, உலோகத்தை எடுத்துப் பார்ப்போம் என்று இரும்பைப் பிடிக்கும் டெஃபெரிப்ரோன் மருந்தை, பார்க்கின்சனுக்கான வழக்கமான மருந்தான லெவோடோபாவை இன்னும் ஆரம்பிக்காத 372 பேரை வைத்து 36 வாரம் சோதித்தார்கள். 2022-இல் வெளியானது. ஸ்கேனில் இரும்பு குறைந்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய்க்குறிகள் மற்றவர்களைவிட மோசமாயின. பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமீனைத் தயாரிக்கும் என்சைமுக்கே இரும்பு வேண்டும், அதனால் இருக்கலாம். முதல் தடவை அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு நம்பிக்கையோடு அந்த நோயாளிகள் சேர்ந்திருப்பார்கள்.

வில்சன் நோயில் மட்டும் உலோகத்தை எடுப்பது பலன் தருகிறது, ஏனென்றால் அங்கே வெளியேறும் வாசலே அடைபட்டு, தேவைக்கு மேல் பல மடங்கு தேங்கியிருக்கிறது. அங்கேயும் அளவுக்கு மீறி எடுத்தால் செம்புக் குறைவு வந்து இரத்த அணுக்கள் குறையும். மாதாமாதம் சோதனை கேட்பது அதற்காகவும்தான். சில மருத்துவர்கள் துணையாக வைட்டமின் ஈ எழுதுவதுண்டு. அது செம்பை எடுக்கும் மருந்தோடு சேர்த்து, அவர்கள் கண்காணிப்பில்.

#10 இயற்கைவழி

நன்றி அம்மா. அந்த இரண்டு சோதனைகளும் எனக்குத் தெரியாது. என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: ஆரோக்கியமானவர்கள் செம்புக் குடத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து புழங்குகிறோம்.

#11 வேதியியல்_வாத்தியார்

வேண்டாம் ஐயா. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை ஏற்கிறது. கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு வெறும் தண்ணீர் வைப்பதில் பிரச்சினை இல்லை. எலுமிச்சைச் சாறு, மோர், பால் வைப்பதுதான் தவறு. நம் பாட்டிகளுக்கு இது தெரியும். பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று திட்டுவார்கள்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். மண்ணில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். ஈயக் குச்சியை உள்ளே ஓர் இழுப்பு, பஞ்சால் ஒரு சுற்று. கருத்த பாத்திரத்தின் உள்பக்கம் கண் முன்னால் வெள்ளியாகும். அந்தப் பூச்சு தேய்ந்த, அல்லது பூசாத பாத்திரத்தில் கைக்குழந்தைக்குப் பால் வைத்ததுதான் ஒரு காலத்தில் இந்தியாவில் குழந்தைகளைக் கொன்ற கல்லீரல் சுருக்க நோயோடு சம்பந்தப்பட்டது என்று 1983-இல் டானர் குழுவினர் எழுதினார்கள். பாலின் புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் மாறியதும் அந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

#12 சாந்தி_மதுரை

தம்பி, கேக்க மறந்துட்டேன். உங்க அக்காவுக்கு வேற பிள்ளைங்க இருக்கா? இருந்தா அறிகுறி இல்லேன்னாலும் டெஸ்ட் எடுங்க. கூடப் பிறந்ததுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துல கட்டினவங்களா?

#13 கரிசல்காட்டான்

ஆமாம் அக்கா. அவளைக் கட்டியது எங்கள் அத்தை மகன்தான். ஒரு பெண் இருக்கிறாள், 13 வயது. நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

#14 கரிசல்காட்டான் (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் ஒரு தகவல். பாப்பாவுக்கும் இருக்கிறது. செருலோபிளாஸ்மின் 9. கண்ணில் வளையம் இல்லை, மூளை ஸ்கேன் சுத்தம், ஓடியாடிக் கபடி ஆடுகிறாள். கல்லீரலில் மட்டும் லேசாகத் தெரிகிறதாம். துத்தநாக மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். குடல் செல்லில் மெட்டலோதயோனினைப் பெருக்கி, சாப்பாட்டுச் செம்பை அங்கேயே பிடித்து, செல் உதிரும்போது கூடவே வெளியே தள்ளிவிடும் என்று டாக்டர் சொன்னபோது, வாத்தியார் சார், எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பையனுக்கு இரண்டாவது வாரம் நடுக்கம் கூடியது. சாந்தி அக்கா முன்பே சொன்னதால் பதறாமல் போன் போட்டோம், அளவைக் குறைத்தார்கள். இப்போது எச்சில் வழிவது குறைந்திருக்கிறது. பேச்சு இன்னும் குழறல்தான். நேற்று நோட்டில் தன் பெயரை எழுதினான். கோணல்தான், ஆனால் படிக்க முடிகிறது.

பாப்பாவுக்குக் காலை மாத்திரை போட்டதும் குமட்டுகிறது, வாந்தி எடுத்துவிடுகிறாள். என்ன செய்வது?

#15 சாந்தி_மதுரை

காலையில எழுந்ததும் கொடுக்காதீங்க தம்பி. டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, முதல் வேளையைக் காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவுல மாத்துங்க. அப்பவும் குமட்டினா ஒரு துண்டு முட்டை வெள்ளைக்கருவோட கொடுக்கலாம்னு எங்களுக்குச் சொன்னாங்க. இட்லி, தோசை, கஞ்சியோட மட்டும் வேண்டாம், அதுல மாத்திரை உறிஞ்சாது. ஸ்கூல்ல பதினோரு மணி இடைவேளைக்கு டீச்சர்கிட்ட சொல்லி வெச்சிருங்க. என் பொண்ணுக்கு அப்படித்தான் பழக்கினேன்.